மோரீசு வீடு

எங்கள் ஊருக்கு வந்து மோரீசு வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். கொள்ளிடக் கரையில், பெருமாள் கோயிலுக்குப் பின்தெருவில், முன்னால் திண்ணையும் உள்ளே முற்றமும் வைத்த ஓட்டு வீடு. மொரீசியஸ் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பேரைத்தான் சொல்லிவருகிறார்கள்.

பேர் வந்த கதையை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன், கப்பல் வியாபாரத்துக்குப் போனவர். துணி மூட்டையோடு போனார், பொன்னோடு திரும்பினார், வந்த கையோடு நிலம் வாங்கி வீட்டைக் கட்டினார். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் எங்கள் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 'கப்பல் வியாபாரி வீடு' என்பதில் ஒரு கௌரவம் இருந்தது. அந்தக் கௌரவத்தில்தான் என் அத்தைமார்களுக்கு வரன் அமைந்தது.

பூட்டன் வியாபாரி இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைக்கீறல் போட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போன கூலி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் துளியும் இல்லை. உண்மை தெரிந்த பிறகு அந்த மனிதர்மேல் இருந்த மரியாதை பலமடங்கு கூடியிருக்கிறது. வியாபாரியாக இருந்தால் பொன்னோடு திரும்புவது பெரிய காரியமில்லை. மாதம் 5 ரூபாய் அளவில் சம்பளம் வாங்கியவர் மிச்சம்பிடித்துக் கொண்டுவந்து கொள்ளிடக் கரையில் நஞ்சை வாங்கினார் என்பதுதான் காரியம்.

இதைத் தேடத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு தாய்ப்பத்திரம். நிலத்தை அளந்து கல் போடவேண்டி வந்தபோது பரணிலிருந்த தகரப்பெட்டியிலிருந்து அதை எடுத்தோம். மடிப்பெல்லாம் இற்று, பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதிய இடம் முழுக்கப் பூச்சி அரித்திருந்தது. முன்பக்கம் தப்பியிருந்தது. புள்ளி வைக்காத எழுத்து. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். நிலத்தின் அளவு தமிழ் எண்ணில் மாக்கணக்கு, அதற்குக் கீழே செக்குபந்தி: கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், தெற்கே இன்னார் படுகை. பூட்டன் பேருக்கு முன்னால் அவருடைய தகப்பனார் பேர். தேதி சித்திரபானு வருஷம் ஆவணி மாதம்.

நம்முடைய வருஷப் பேர்கள் 60 ஆண்டுக்கு ஒரு சுற்று. சித்திரபானு என்றால் 1882 ஆக இருக்கலாம், 1942 ஆகவும் இருக்கலாம், 2002 ஆகவும் இருக்கலாம். பழைய பத்திரம் படிக்கிறவர்கள் முதலில் முத்திரைத்தாளின் தலையைத்தான் பார்ப்பார்கள். இந்தத் தாளில் விக்டோரியா ராணி இருந்தார். ஆக 1882. பூட்டன் மோரீசிலிருந்து திரும்பியது அதற்குச் சற்று முன்னால் என்பதுவரை ஒரு கரை கிடைத்துவிட்டது.

அந்தக் கரையில் நின்று பின்னால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இங்கிலாந்தில் அதே காலத்தில் பண்ணையாளாக இருந்த ஒருவனைத் தேடுவது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அங்கே 1538 முதல் கோயில்பற்றுப் பதிவேடுகள் எழுதப்பட்டுவருகின்றன. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த ஆள்கணக்கில் வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பேரும் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி அந்தத் தாள்களைப் பார்த்துவிடலாம். அதே அரசாங்கம் சென்னை மாகாணத்தில் 1871-ல் விரிவாக ஆள்கணக்கு எடுத்தது. இத்தனை ஆண், இத்தனை பெண், இன்ன சாதி, இன்ன தொழில் என்று கூட்டித் தடித்தடியாக அறிக்கை போட்டது. கூட்டல் முடிந்ததும் வீட்டுவாரித் தாள்களைக் காப்பாற்றி வைக்கவில்லை. தன் ஊர்க் கூலிக்காரனின் பேரை வைத்துக்கொண்ட அரசு, நம் ஊர்க் கூலிக்காரனின் தொகையை மட்டும் வைத்துக்கொண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நம் பக்கத்தில் நிலம் இருந்தவனுக்குக் கொஞ்சம் காகிதம் உண்டு. செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பேர் இருக்கும். மானியம் அனுபவித்தவர்களுக்கு 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் விசாரித்து எழுதிய இனாம் பதிவேடு உண்டு. அதை இன்றைக்கும் கோர்ட்டில் சாட்சியாகக் காட்டுகிறார்கள். கிறிஸ்தவர்களாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். தரங்கம்பாடியில் 1706-ல் தொடங்கிய மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் வெகுதூரம் பின்னால் போக முடிகிறது. பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1899-ல்தான். நிலமில்லாத, சர்ச்சுக்குப் போகாத, 1840 வாக்கில் பிறந்த ஓர் உழவுக்கூலியின் பேரை யார், எதற்காக எழுதிவைத்திருக்கப்போகிறார்கள்? எழும்பூரில் 1909-ல் எழுப்பிய செங்கல் கட்டடத்தில், ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில் உட்கார்ந்து வருவாய்த்துறை நடவடிக்கைக் கட்டுகளைப் புரட்டியபோதெல்லாம் இதே கேள்விதான். கலெக்டர் பேர் இருக்கும், மிராசுதார் பேர் இருக்கும், ஏற்றம் இறைத்தவன் பேர் இருக்காது.

வாசல் திறந்தது தபாலில். எங்கள் பஞ்சாயத்துத் தலைவருக்கு மொரீசியஸிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. முதல் வார்த்தை மட்டும் தமிழில் 'வணக்கம்', மற்றதெல்லாம் இங்கிலீஷ். தன் முன்னோர் ஒருவர் இந்த ஊரிலிருந்து வந்ததாகப் பதிவேடு சொல்கிறது, அவருடைய வழிவந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். அவர் எழுதியிருந்த ஊர்ப்பேர் எங்கள் தாலுகாவில் எங்கேயும் இல்லாத ஒரு பேர். வெள்ளைக்கார எழுத்தர் காதில் நம்முடைய ழகரம் விழுந்த விதம் அப்படி. தலைவர் வாய்விட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "மோரீசுன்னா மோரீசு வீடுதானே" என்று கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அகராதியும் வரைபடமும் செய்ய முடியாததை ஒரு வீட்டுப் பேர் செய்தது.

கடிதத்தோடு பதிவேட்டு வரியின் நகலும் இருந்தது. அந்த ஒற்றை வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலில் ஓர் எண். அப்புறம் பேர், தகப்பன் பேர், வயது 22, சாதி என்ற கட்டத்தில் 'மலபார்' (அங்கே தமிழர் எல்லாருக்கும் அன்றைக்கு அதுதான் பேர்), உயரம் 5 அடி 3 அங்குலம், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம்: இடது புருவத்துக்கு மேல் தழும்பு. கப்பலின் பேர், இறங்கிய தேதி, எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரம். தோட்டம் பாம்ப்ளமூஸ் மாவட்டத்தில். ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், பிற்பாடு எழுதிய ஒரு குறிப்பு: 1881-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

தகப்பன் பேர் எங்கள் தாய்ப்பத்திரத்தில் இருந்த அதே பேர். அந்தப் பேர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊரும் ஒன்று. 1881-ல் கப்பலேறியவர், 1882 ஆவணியில் நிலம் வாங்கியவர். இது மூன்றாவது. நாலாவது எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. என் தாத்தாவுக்கு ஒரே ஓர் அண்ணன். இருவருக்கும் நடுவே இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். "நடுவுல பொறந்ததெல்லாம் தங்கல" என்பதுதான் வீட்டில் சொல்லும் காரணம். பிறக்கவே இல்லை. அப்பன் ஊரில் இல்லை. அண்ணன்காரர் பிறந்த பிறகு கப்பலேறியவர், திரும்பி வந்த பிறகு தம்பி பிறந்திருக்கிறார். எங்கள் கிளைப்படத்தில் ஒரு கடல்பயணம் அளவுக்கு இடைவெளி இருந்தும், எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அவர் போன வழியை இப்போது என்னால் ஓரளவு தொடர முடிகிறது. மொரீசியஸில் 1835-ல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கரும்புத் தோட்டத்து முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1834 நவம்பர் 2-ம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்து இறங்கினார்கள். அந்த நாள் இன்றைக்கு அங்கே அரசு விடுமுறை. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு போல சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள்.

சென்னையில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். மசூலாப் படகில் ஏற்றி, அலையைக் கிழித்துக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கொள்ளிடத்துக்கு அப்பால் எதையும் பார்த்திராத 22 வயது ஆள் அந்தப் படகில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? அங்கே போர்ட் லூயியில் இறங்கினால் 16 கல்படிகள். ஏறிப் போனால் டிப்போ. அங்கேதான் எண் கொடுப்பார்கள். அந்த எண் சாகும்வரை போகாது. பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவில் அப்பன் எண், ஆத்தாள் எண். செத்தால் இறப்புப் பதிவில் எண். நம் ஆட்களின் பேரை அங்கத்திய எழுத்தர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். ஆறுமுகம் ஆர்மூகம் ஆனதும் முத்துசாமி மூட்டூசாமி ஆனதும் அப்படித்தான். பேரை வைத்துத் தேடினால் ஆள் கிடைப்பது கஷ்டம், எண்ணை வைத்துத் தேடினால் ஒரு வாழ்க்கை முழுக்க வந்து நிற்கிறது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். அது சட்டப்படி. ஒப்பந்தம் முடிந்து திரும்ப நினைத்தால் கப்பல் கூலி அவரவர் பொறுப்பு. இலவசமாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை 1850-களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் முடித்தவருக்கு 'பழைய குடியேறி' என்று பேர். பழையவர்கள் தோட்டத்தைவிட்டு வெளியே போய்ச் சொந்தமாகப் பிழைக்கத் தொடங்கினால் முதலாளிகளுக்கு ஆள் போதாது. அதனால் 1867-ல் ஒரு சட்டம் வந்தது. பழைய குடியேறி ஒவ்வொருவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், இருக்கும் மாவட்டத்துக்குப் போலீஸ் பாஸும் வைத்திருக்க வேண்டும். தெருவில் போலீஸ்காரன் கேட்டு, காட்ட முடியாவிட்டால் நாடோடி என்று பிடித்துப் போடலாம். சீட்டைத் தொலைத்தால் பணம் கட்டி மறுசீட்டு வாங்க வேண்டும். அதே 1867-ல்தான் மலேரியா அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போனது. பூட்டன் அதையும் தாண்டியிருக்கிறார்.

இந்தக் கொடுமைக்கு எதிராக அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் 1871-ல் ஒரு விண்ணப்பம் திரட்டினார். 9,401 பழைய குடியேறிகள் அதில் பேர் கொடுத்தார்கள். தோட்ட முதலாளிகள் அவரைத் தீவைவிட்டே துரத்தப் பார்த்தார்கள். ஆனாலும் 1872-ல் அரச விசாரணைக் குழு வந்தது. 1875-ல் வந்த அதன் அறிக்கை போலீஸ் பிடிப்புகளையும் சம்பள வெட்டையும் கடுமையாகச் சாடியது. அந்த 9,401 பேரில் எங்கள் பூட்டன் உண்டா என்று எனக்குள் ஓர் ஆசை. இருந்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

சீட்டில் புகைப்படம் ஒட்டச் சொன்ன அந்த 1867 சட்டத்தால்தான் எங்கள் கையில் இன்றைக்குப் பூட்டனின் படம் ஒன்று இருக்கிறது. ஆசிரியை இரண்டாவது கடிதத்தில் அதை அனுப்பினார். இடுப்புக்கு மேலான படம். தோளில் மடித்துப் போட்ட துண்டு, தலையில் முண்டாசு, காதில் கடுக்கன். வலது கை முழங்கால்மேல் இருக்க வேண்டும், படத்தில் வரவில்லை. பார்வை நேராகக் கேமராவைப் பார்க்கிறது. புருவத்துக்கு மேலே தழும்பு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், முண்டாசு மறைத்துவிட்டது. படத்தின் அடியில் அதே எண்.

தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எடுத்த படம் அது. இன்றைக்குச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அவருடைய தம்பிமார், பங்காளிகள், கூடப் படுகையில் உழுதவர்கள் யாருக்கும் படமும் இல்லை, உயரமும் இல்லை, தழும்பும் இல்லை. ஊரிலேயே இருந்தவர்கள் காற்றோடு போய்விட்டார்கள். யாரைக் கட்டிப்போட நினைத்தார்களோ அவரைப் பற்றித்தான் எழுதிவைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் இதையும் சேர்த்தே நான் சொல்லிவிடுகிறேன். எதற்கு எடுத்தார்கள் என்று சொல்லாமல் அதைக் காட்டுவது அவருக்குச் செய்யும் துரோகம்.

காகிதமும் இடம் மாறிவிட்டது. டிப்போவிலிருந்த பதிவேடுகள் இப்போது மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த 16 படிகள் இருக்கும் இடம் ஆப்ரவாசி காட் என்ற பேரில் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அன்றைக்கு அந்த மனிதர் ஊருக்குத் திரும்பக் காசு சேர்த்து, பாஸ் வாங்கி, எண்ணைக் காட்டிக் கப்பலேற வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் மொரீசியஸ் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அந்நாட்டில் இந்திய வம்சாவளியில் 7-ம் தலைமுறையில் உள்ளவர்களுக்கும் ஓசிஐ அட்டை பெறத் தகுதி உண்டு என்று அறிவித்தார். அந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம். அதற்கு வேர் எங்கே என்று காட்ட எடுக்கும் முதல் காகிதம் அதே பதிவேட்டு வரி. பூட்டனை அடையாளம் கண்டு பிடிக்க எழுதியதை வைத்து அவர் சந்ததி அவர் ஊருக்கு வருகிறது.

ஆசிரியை போன தையில் வந்தார். அவர் எங்களுக்கு என்ன உறவு என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. பூட்டன் அங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். அவள் வேறு ஜில்லா, வேறு கப்பல். 1868-ல் ஒரு மகள். அந்த மகளின் பிறப்புப் பதிவில் தகப்பன் எண்ணும் தாய் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மகள் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய வழியில் வந்தவர் ஆசிரியை. என் அப்பாவுடன் பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது கடைசி அத்தை ஒருவர்தான். தொண்ணூறைத் தாண்டியவர், காது மந்தம், கணக்கு மட்டும் பிசகாது. விரல்விட்டு எண்ணினார். "எங்கப்பாவுக்கு அக்கா முறை அந்தப் பொண்ணு. அப்ப எனக்கு அத்தை. அத்தை மக, அவ மக, அவளுக்கு இவ. இவ எனக்குப் பேத்திடா தம்பி." எழுபது வயது ஆசிரியை அதைக் கேட்டுச் சிரித்து, எழுந்து வந்து "பாட்டி" என்று காலைத் தொட்டார். அவருக்குத் தெரிந்த தமிழில் அது ஒன்று. தைப்பூசக் காவடி எடுக்கும்போது பாடுவதற்காக ரோமன் எழுத்தில் எழுதிப் படித்த பதிகங்களும் அவருக்குத் தெரியும். பாடிக் காட்டினார். அத்தை கூடவே முணுமுணுத்தார்.

பிறகு அத்தை பூட்டன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இவரு ஊருக்குத் திரும்பி வரயில அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"பதிமூணு இருக்கும் அத்தை."

"ஆத்தா?"

"அவங்க அதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. பதிவுல இருக்கு."

"அப்ப யாருகிட்ட வுட்டுட்டு வந்தாரு?"

மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார் என்று மொரீசியஸில் அவர்கள் வீட்டில் பேச்சு. அதை ஆசிரியை சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கப்பல் வியாபாரி கதை, அவர்கள் வீட்டில் கல்யாணம் முடித்த கதை. இரண்டு கரையிலும் பிள்ளைகள் அப்பனை விட்டுக்கொடுக்கவில்லை.

"அந்தப் பொம்பள பேரு என்ன?" என்றார் அத்தை அப்புறம். ஆசிரியை பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பேர், தகப்பன் பேர், வயது, உயரம், ஊர், கப்பல், இறந்த தேதி எல்லாம் இருந்தது. படமும் இருந்தது, மூக்குத்தி தெரிந்தது. அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு இவ்வளவு இருக்கு. எங்க அப்பாயி பேரு என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. ஆடி அமாவாசைக்குக் காவிரிக் கரையில் ஐயர் கேட்டால் மூன்று தலைமுறை ஆண்கள் பேரைச் சொல்கிறோம். பெண்கள் பேர் கேட்கும்போது நம் பக்கம் தயங்கினால் அவரே ஏதோ ஒரு நதியின் பேரைச் சொல்லி நீரை விடச் சொல்லிவிடுகிறார். கைக்குழந்தையோடு இருபது வருஷம் அந்த வீட்டைக் காத்தவள், நாற்பதை நெருங்கும்போது மறுபடி ஒரு பிள்ளை பெற்றவள், என் தாத்தாவின் தாய், அவளுக்கு ஒரு பேர்கூட இல்லை. அவளை யாரும் கப்பலில் ஏற்றவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

தகரப்பெட்டியில் இருந்த இன்னொரு பத்திரத்தை எடுத்தேன். பூட்டன் இறந்த பிறகு என் தாத்தாவும் அவர் அண்ணனும் செய்துகொண்ட பாகப்பிரிவினை. நிலம், மனை, மாட்டுக்கொட்டில், தென்னை மரம், பித்தளை அண்டா வரைக்கும் பேர் சொல்லிப் பங்கு போட்டிருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் அவள் வருகிறாள்: 'நம்முடைய தாயார்'. அவ்வளவுதான். அவள் ஆயுள் உள்ளவரை ஆளுக்கு இத்தனை கலம் நெல் வருஷாவருஷம் அளக்க வேண்டியது. அண்டாவுக்கு அடையாளம் எழுதியவர்கள் அம்மாவுக்குப் பேர் எழுதவில்லை. எழுதிய இருவரும் நல்ல பிள்ளைகள், நெல்லை ஒழுங்காக அளந்தார்கள் என்று அத்தை சொல்கிறார். அதை நான் நம்புகிறேன். இருந்தாலும் அந்தப் பத்தியைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அத்தைதான் வழியும் சொன்னார். "எங்க பெரியக்காவுக்கு அப்பாயி பேருதான் வச்சாங்க. மூத்த பொண்ணுக்கு அப்படித்தானே வைப்பாங்க. ஆனா எங்கம்மா மாமியா பேர வாயால சொல்ல மாட்டாங்க. அதனால பாப்பான்னே கூப்பிட்டாங்க. நாங்களும் பாப்பாக்கான்னே கூப்பிட்டோம். செத்தப்பகூட பாப்பாதான்." மருமகளின் மரியாதை ஒரு பேரை இரண்டு தலைமுறையிலிருந்தும் மறைத்துவிட்டது. பாப்பா அத்தைக்குக் கல்யாணத்தின்போது மஞ்சக்காணியாக ஒரு மா நிலம் எழுதிக்கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கு இன்றைக்கும் பாப்பா மா என்றுதான் பேர். எழுதிக்கொடுத்திருந்தால் பத்திரத்தில் பேர் இருக்க வேண்டும். பத்திரத்தில் 'பாப்பா' என்று எழுத முடியாது.

புல எண்ணைக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டேன். பழைய புத்தகத்திலிருந்து பார்த்து எழுதிய நகல் வந்தது. மூன்றாவது வரியில், என் தாத்தா பேருக்குப் பிறகு, 'குமாரத்தி' என்று போட்டு முழுப்பேர். அத்தையிடம் கொண்டுபோய்க் காதருகில் சத்தமாகப் படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம், தானும் அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மொரீசியஸுக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். ஆசிரியை வரைந்துவரும் கிளைப்படத்தில் பூட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வைத்திருந்தார், ஒன்று மட்டும் நிரம்பியிருந்தது. இப்போது இரண்டும் நிரம்பிவிட்டன. புதுப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார், அத்தையிடம் காட்டினேன். பேர், எண், உயரம் எல்லாம் போட்ட கட்டம் இடப்பக்கம், வெறும் பேர் மட்டும் உள்ள கட்டம் வலப்பக்கம்.

"மாத்திப் போடச் சொல்லு" என்றார் அத்தை. "எங்க அப்பாயிதான் மூத்தவ. மூத்தவ முன்னாடி வரணும்."